கேரவன் மாமாவும் ஒரு கையெழுத்தும்

கேரவன்னு சொன்ன உடனே நம்ம மக்கள் மனசுல என்ன ஓடும்? ஹீரோயின், ஏசி, கிரீன் டீ, கதவுக்கு வெளியில குடை பிடிச்சிட்டு நிக்கிற அசிஸ்டென்ட். எனக்கு ஓடுறது வேற. கைலியை மடிச்சுக் கட்டி, வாயில டார்ச் லைட்டைக் கவ்விக்கிட்டு, வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து ஏதோ ஒரு பைப்பை முறைச்சுப் பார்த்துட்டு இருக்கிற எங்க மாமா.

மாமான்னா அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. வயசு 53. முதல்ல லாரி, அப்புறம் கம்பெனி பஸ், 2014-லேர்ந்து சினிமா கேரவன். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு ஒரகடத்துல பொட்டி தட்டுற ஜீவன். வண்டிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன கம்ப்யூட்டர்களுக்கு கோடு எழுதுறது தான் பொழப்பு. ஆக, ரெண்டு பேருக்கும் சோறு போடுறது வண்டி தான். என்ன, அவர் கையில கிரீஸ் இருக்கும், என் கையில காபி கப் இருக்கும்.

முதல்ல கொஞ்சம் பொது அறிவு. கேரவன்ங்கிறது பாரசீகத்துலேர்ந்து வந்த வார்த்தை. ஒட்டகமும் வியாபாரிகளுமா கூட்டமா பாலைவனத்துல போவாங்களே, அந்தக் கூட்டத்துக்குப் பேரு. இங்கிலீஷ்காரன் அதை எடுத்து வண்டிக்கு வச்சான், அப்புறம் அதையே சுருக்கி 'வேன்'னு ஆக்கினான். நாம இப்ப ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட்ல "வேன் வருதா?"ன்னு கேக்கிறது பாரசீகத்தோட வால்.

வெளிநாட்டுல இது தனி உலகம். கொலராடோவுல எர்த்ரோமர்னு ஒரு கம்பெனி ஃபோர்டு எஃப்-550 டிரக்கு மேல வீடு கட்டித் தர்றாங்க. ஆஸ்திரியாவுல ஆக்‌ஷன்மொபில், ஜெர்மனியில யுனிகேட். மிலிட்டரிக்கும் சுரங்கத்துக்கும் போற லாரி மேல படுக்கை, அடுப்பு, ஷவர் எல்லாம் வச்சு, சஹாராவுலயும் படுத்துத் தூங்கலாம்ங்கிற ரேஞ்சுல செய்வாங்க. விலையைப் பார்த்தா நமக்குத் தூக்கம் வராது. அது வேற விஷயம்.

நம்ம ஊர்ல வண்டியிலயே குடும்பம் நடத்தின கதை அரசியல்ல ஒண்ணு இருக்கு. 1982-ல என்.டி.ஆர். ஒரு பழைய செவ்ரோலே வேனை மாத்திக் கட்டி, 'சைதன்ய ரதம்'னு பேர் வச்சு ஆந்திரா பூரா சுத்தினார். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் அதுல தான். அடுத்த வருஷம் முதலமைச்சர் ஆயிட்டார். ஆனா தமிழ்நாட்டுல சாதாரண ஜனம் கண்ணால பார்த்த சொகுசு வீட்டு வண்டின்னா அது சினிமா கேரவன் தான்.

சேசிஸ் கிளம்புற ஊர்

ஒரகடம் ஜங்ஷன் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், ஒரு இன்ஜின், ஆறு டயர், ஒரு சீட்டு. கூரை கிடையாது, கதவு கிடையாது. தலையில துண்டைக் கட்டி, கண்ணுல கூலிங் கிளாஸ் போட்டு ஒரு டிரைவர். எலும்புக்கூடு ஒண்ணு ரோட்டுல ஓடுற மாதிரி இருக்கும். பஸ் சேசிஸ். பாடி கட்டுற பட்டறைக்குப் போகுது.

டைம்லர் ஆலை ஒரகடத்துல 2012 ஏப்ரல்ல திறந்தது. 2015-ல பஸ் ஆலையும் அங்கயே வந்துச்சு. பாரத்பென்ஸ் வண்டி பேர்ல இருக்கிற நம்பருக்கு ஒரு கணக்கு உண்டு. 1017-ன்னா முதல் ரெண்டு எண் மொத்த எடை, சுமாரா 10 டன். அடுத்த ரெண்டு எண்ணைப் பத்தால பெருக்கினா குதிரைத்திறன், 170. தெரிஞ்சு வச்சுக்கோங்க, டீக்கடையில அடிச்சு விட உதவும் :-)

இந்த 1017 மேல தான் கேரளாக்காரங்க 2021-ல 'கேரவன் கேரளா' திட்டத்தோட முதல் டூரிஸ்ட் கேரவனைக் கட்டிக் காமிச்சாங்க. சோஃபா, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், சாப்பாட்டு மேசை, கழிவறை, டிரைவருக்கும் விருந்தாளிக்கும் நடுவுல ஒரு தடுப்பு. அடுத்த வருஷம் வாகமண்ல கேரவன் நிறுத்துறதுக்குன்னே ஒரு பார்க் வந்துச்சு. நம்ம அரசாங்கமும் 2023 சுற்றுலாக் கொள்கையில கேரவன் சுற்றுலாவை ஒரு பிரிவாச் சேர்த்திருக்கு. மாமா இந்தச் செய்தியை எல்லாம் பேப்பர்ல கத்தரிச்சு வச்சிருப்பார். அதுல தான் ஆரம்பிச்சது வினை.

ஆப்பிள் பை

2025 பொங்கல் முடிஞ்ச வாரம். மாமா ஒரு பை நிறைய ஆப்பிளோட வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுன்னா சும்மா பார்க்க வந்திருக்கார்னு அர்த்தம். ஆப்பிள்னா விஷயம் இருக்கு.

"மாப்ள, ஒரு வண்டி வருது. மூணு ரூம். 22 லட்சம் சொல்றான். என்கிட்ட ஆறு இருக்கு. பதினாறு லோன். நீ கூட நின்னு ஒரு கையெழுத்து போடணும்."

அம்மா உடனே "போடுவான்டா"ன்னுட்டாங்க. அப்பா பேப்பரை மடிக்காமலே "யோசிச்சுச் செய்"ன்னார். எங்க வீட்டுல இது ரெண்டுக்கும் நடுவுல தான் உலகமே இருக்கு.

விஷயம் என்னன்னா, நான் படப்பையில ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நிலைமையில இருந்தேன். கல்யாணப் பேச்சும் ஓடிட்டு இருக்கு. கடன்ல கூட்டா கையெழுத்து போட்டா அந்தக் கடன் நம்ம கணக்குலயும் ஏறும். நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா, "ஏற்கனவே மாசம் முப்பத்தேழாயிரம் கட்டுறீங்களே சார்"ம்பான். மாமா நகரும் வீடு வாங்கினா நான் நகராத வீடு வாங்க முடியாது. அது தான் நிலவரம்.

"மூணு நாள் உங்க கூட வண்டியில வர்றேன் மாமா. அப்புறம் சொல்றேன்"னேன். சிரிச்சார். "மூணு நாள் தாங்குவியா?"

ஓட்டுறது

வண்டி நிக்கிற இடம் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல படப்பை தாண்டி ஒரு மைதானம். வடபழனி, வளசரவாக்கத்துல இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்துற வாடகையில ஒரு குடும்பமே வாழலாம், அதனால இங்க. அப்போ மாமா ஓட்டிட்டு இருந்தது முதலாளி வண்டி. நீளம் 32 அடி, உயரம் பதினொன்றரை அடி.

விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அங்கேர்ந்து பெங்களூர் ஹைவேயில திரும்பி செம்பரம்பாக்கம் ஈவிபி. ஆறு மணி ஷிஃப்ட் பஸ்கள் கிளம்புறதுக்குள்ள காரிடரைத் தாண்டிடணும்ங்கிறது மாமாவோட சட்டம். அப்புறம் ரோட்டுல வெள்ளை பஸ்ஸா இருக்கும். ஓரத்துல லோடுக்காகக் காத்திருக்கிற கார் கேரியர் டிரெய்லருங்க வரிசையா நிக்கும். நடுவுல இருக்கிற வழியில தான் நாம.

லாரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். "லாரியில லோடு பேசாது மாப்ள, இதுல பேசும்"னார். உண்மை தான். பின்னாடி கப்போர்டு, கண்ணாடி, ஷவர் கதவு, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சத்தம் போடுது. அவர் சத்தத்தை வச்சே எந்த ஸ்க்ரூ லூஸுன்னு சொல்றார். வீட்டுல இருக்கிற ஒரு அலமாரியைத் தூக்கித் தினமும் நூறு கிலோமீட்டர் குலுக்கினா என்ன ஆகும்? அது தான் கேரவன். பிளைவுட்டும் ஆணியும் ஆடாம நிக்கிறதுக்காகச் செஞ்சது, ஓடுறதுக்காக இல்ல. அதனால தான் நல்ல பாடி பில்டர் ஆணிக்குப் பதிலா போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும் போடுவார்.

அடுத்தது தண்ணி. டேங்க் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. முழுசா இருந்தாலும் காலியா இருந்தாலும் பிரச்சினை கிடையாது, பாதி இருந்தா தான் வம்பு. பிரேக் அடிச்சா தண்ணி முன்னாடி ஓடிவந்து முட்டும், வளைவுல ஒரு பக்கமாப் போய்ச் சாயும். உள்ள தடுப்புத் தகடு வச்ச டேங்க்னா கொஞ்சம் அடங்கும். நான் காலேஜ்ல இதை ஒரு முழு செமஸ்டர் படிச்சேன். மாமா ஒரு வார்த்தையில முடிச்சார்: "ஒண்ணு ரொப்பு, இல்ல ஊத்து."

அப்புறம் வால். பின் சக்கரத்துக்குப் பின்னாடி எட்டு ஒன்பது அடி பாடி நீட்டிட்டு இருக்கு. வலது பக்கம் ஒடிச்சா வால் இடது பக்கம் வெளிய வீசும். அங்க ஒரு ஹோண்டா ஆக்டிவா நின்னா அவ்வளவு தான். திரும்புறதுக்கு முன்னாடி மாமா இடது கண்ணாடியை மூணு தடவை பார்க்கிறதை எண்ணினேன்.

மூணாவது நாள் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். புளியமரக் கிளை, தாழ்வாத் தொங்குற கரண்டு ஒயர். கிளீனர் பையன் கூரை மேல ஏறி நீளமான மூங்கில் கழியால ஒயரைத் தூக்கிப் பிடிக்க, நாங்க அடியில ஊர்ந்து போனோம். அந்த நாலு நிமிஷம் எனக்கு மூச்சே இல்ல. பையனை அப்படி ஏத்தினது எனக்குப் பிடிக்கலன்னு சொன்னேன். "எனக்கும் பிடிக்கல"ன்னார். "என் வண்டின்னா இந்த ரோட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லுவேன். இப்ப சொல்ல முடியாது."

நான் ஓட்டினேனான்னு கேப்பீங்க. மைதானத்துக்குள்ள மட்டும், அதுவும் ரெண்டு ரவுண்டு. ரோட்டுல ஓட்ட எனக்கு லைசென்ஸ் கிடையாது. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதி அமர்வு, கார் லைசென்ஸ் வச்சிருக்கவங்க 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம்னு உறுதி பண்ணிருச்சு. இந்த வண்டி அதுக்கு மேல, ஹெவி லைசென்ஸ் வேணும். ஜெர்மனியில சாதாரண கார் லைசென்ஸுக்கு எல்லை 3.5 டன். அமெரிக்காவுல பல மாநிலத்துல ரிட்டயர் ஆன தாத்தா சாதா லைசென்ஸை வச்சே பத்து டன் வீட்டை ஓட்டிட்டுப் போவார். ஊருக்கு ஊர் பயம் வேற.

கரண்டும் கக்கூஸும்

ரெண்டு ஒன்றரை டன் ஏசி, ஒரு கீசர், ஃப்ரிட்ஜ், மேக்கப் கண்ணாடி லைட்டு, டிவி. எல்லாம் ஒரே நேரத்துல ஓடினா எட்டு கிலோவாட்டைத் தொடும். அதுக்குப் பத்து கேவிஏ ஜெனரேட்டர். மணிக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர் டீசல் குடிக்கும். பன்னண்டு மணி நேரம் ஓடினா முப்பது லிட்டர். அப்போ டீசல் 92 ரூபா சொச்சம். டீசல் மட்டும் 2,700-க்கு மேல. அது புரொடக்‌ஷன் கணக்கு, அதனால உள்ள ஆளே இல்லாட்டியும் ஏசி ஓடும். ஷாட்ல சத்தம் வருதுன்னு சவுண்ட் டிபார்ட்மெண்ட் கத்தினா, வண்டியை இன்னும் அம்பது மீட்டர் தள்ளி நிறுத்தணும். ஒரு நாள்ல நாலு தடவை நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் ஜாக்கியைத் தூக்கு, நகர்த்து, மட்டம் பாரு, ஜாக்கியை இறக்கு.

ஆனா கேரவனோட உயிர் ஏசியில இல்லீங்க. டாய்லெட்ல தான். மலையாள சினிமா பத்தி ஹேமா கமிட்டி 2019-ல கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்ட்ல வெளிய வந்துச்சு. அதுல எல்லாரும் பேசின விஷயம் வேற. ஆனா அதுல இதுவும் இருக்கு: ஷூட்டிங் ஸ்பாட்ல பெண்களுக்குக் கழிவறை இல்ல, அதனால பல பேர் தண்ணியே குடிக்காம இருக்காங்கன்னு. மாமா இதைக் கமிட்டி சொல்லித் தெரிஞ்சுக்கல. ரெண்டாவது நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூடிக் கிடக்கிற ஒரு ஃபேக்டரி ஷெட்ல ஷூட்டிங். குரூப் டான்ஸ் பொண்ணுங்க நாலு பேர் வந்து கதவுகிட்ட தயங்கி நின்னாங்க. மாமா எதுவும் கேக்கல. இந்தப் பக்கம் திரும்பி டயர்ல காத்து பார்க்க ஆரம்பிச்சுட்டார். அவங்க போயிட்டு வந்தாங்க. "டயர்ல என்ன மாமா?"ன்னேன். "ஒண்ணும் இல்ல. நான் பார்த்தா அனுமதிச்ச மாதிரி ஆயிடும், மேனேஜர் கேப்பான். பார்க்கலன்னா பார்க்கல."

அந்தக் கழிவு எங்க போகும்? வெளிநாட்டுல கேரவன் பார்க்ல கொட்டுறதுக்குன்னு இடமே இருக்கு. நம்ம ஊர்ல கழிவுநீர் லாரிக்கு ஃபோன் போட்டு, அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ராத்திரியில ஏரி ஓரமா வால்வைத் திறந்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. மாமா லாரி வர்றதுக்காக ஒன்றரை மணி நேரம் கூட உக்கார்ந்திருப்பார். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணியைத் தான் மெட்ராஸே குடிக்குதுங்கிறது அவர் வாதம்.

'வ'

ராத்திரி எங்க படுக்கிறதுன்னு முதல் நாள் நான் கேக்கவே இல்ல. ஆறடி மெத்தை போட்ட ரூம் ரெண்டு இருக்கே. பேக்கப் ஆனதும் மாமா ரூமைச் சுத்தம் பண்ணி, விரிப்பை மாத்தி, பூட்டி, சாவியைப் பையில போட்டுட்டு, டிரைவர் சீட்டுல சாஞ்சு காலைத் தூக்கி இன்ஜின் மூடி மேல வச்சார். மூடி இன்னும் சூடா இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு சாக்கு. எனக்குப் பக்கத்து சீட்டு. பின்னாடி மூணடி தூரத்துல மெத்தை.

"அங்க படுக்கக் கூடாதா?"

"கஸ்டமர் படுக்கிற இடம். ஒரு முடி கிடந்தா கூடக் கம்ப்ளெயின்ட் வரும்."

லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம்ங்கிற விதி 2025-ல அமலுக்கு வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா அது புதுசாத் தயாராகிற லாரிக்கு. நாங்க படுத்திருந்த கேபின்ல ஒரு கொசுவத்தியும் ஒரு குட்டி ஃபேனும் தான். மூணு நாள்ல என் முதுகு எழுதின கோடு எல்லாம் கம்பைல் ஆகல.

ரெண்டாவது ராத்திரி தான் டைரி விஷயம் தெரிஞ்சது. மாமா 2014-லேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணு, பதினோரு டைரி வச்சிருக்கார். ஃபைனான்ஸ்காரங்க ஃப்ரீயாக் கொடுக்கிற டைரி. ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எந்த ஊர், எத்தனை மணி, பேட்டா எவ்வளவு. கடைசியில ஒரு எழுத்து. 'வீ'ன்னா வீட்டுல படுத்தார். 'வ'ன்னா வண்டியில.

ஆபீஸ்ல டேட்டா, டேட்டான்னு அலையுறோமே. பதினோரு வருஷ டேட்டா ஒரு ரெக்ஸின் பையில கிடந்துச்சு. கேட்டு வாங்கிட்டு வந்தேன். ரெண்டு வார இறுதி உக்கார்ந்து எல்லாத்தையும் எக்செல்ல ஏத்தினேன்.

2015-ல 'வ' 211. வருஷத்துல 211 ராத்திரி சீட்டுல. அந்த வருஷம் ஜூன் கடைசியிலேர்ந்து ஜூலை வரைக்கும் 29 நாள் தொடர்ச்சியா 'வ'. அந்த 29-வது நாள் வரியில இப்படி இருந்துச்சு: "மாப்ள காலேஜ் 45,000." நான் இன்ஜினியரிங் சேர்ந்த மாசம். முதல் செமஸ்டர் ஃபீஸ் மாமா கட்டினார்னு எனக்குத் தெரியும். எப்படிக் கட்டினார்னு அந்த எழுத்து சொல்லுச்சு.

2020 மார்ச் 19-லேர்ந்து பக்கம் காலி. தமிழ்நாட்டுல சினிமா ஷூட்டிங் திரும்ப ஆரம்பிச்சது செப்டம்பர்ல. அது வரைக்கும் வெறும் 'வீ', 'வீ', 'வீ'. 2018 மார்ச் பாதியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தயாரிப்பாளர் ஸ்டிரைக். அங்கயும் அதே.

எக்செல்

நன்றி வேற, கணக்கு வேற. இதை மாமாவே சொல்லுவார். கணக்கு இப்படி வந்துச்சு.

22 லட்சம் வண்டி. 16 லட்சம் லோன், 14 சதவீதம், அஞ்சு வருஷம். இஎம்ஐ 37,200. நிறுத்துற வாடகை 5,000. இன்ஷூரன்ஸ், டாக்ஸ், எஃப்சி மாசத்துக்குப் பிரிச்சா 9,000. சர்வீஸ், டயர் 8,000. மாமா வீட்டுச் செலவு 30,000. மொத்தம் 89,200. ஒரு நாள் வாடகை 6,000, அதுல கிளீனர், தண்ணி, கழிவு லாரின்னு 900 போனா மிச்சம் 5,100. ஆக மாசத்துக்குப் பதினெட்டு நாள் ஓடினா தான் கையைக் கடிக்காது.

டைரி என்ன சொல்லுது? 2020-ஐ விட்டுட்டுப் பத்து வருஷ சராசரி, மாசம் 17 நாள்.

பதினேழு எங்க, பதினெட்டு எங்க. ஒரு நாள் தான். ஆனா அந்த ஒரு நாள் அறுபது மாசத்துக்கு வரும். 2024 ஜூலையில தயாரிப்பாளர் சங்கம் நடிகர் சம்பளமும் செலவும் ஏறிப்போச்சு, நவம்பர்லேர்ந்து ஷூட்டிங்கையே நிறுத்துவோம்னு தீர்மானம் போட்டதும் ஞாபகத்துல இருந்துச்சு. செலவைக் குறைக்கணும்னா முதல்ல எதுல கை வைப்பாங்க? ஹீரோ சம்பளத்துலயா, மூணாவது கேரவன்லயா?

மாமாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காமிச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த 'வ'வை எல்லாம் எண்ணினியா?"ன்னு மட்டும் கேட்டார்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த 22 லட்சம் வண்டியைப் பார்க்கப் போனோம். உள்ள மார்பிள் மாதிரி ஒட்டின ஷீட், சீலிங்ல நீல லைட்டு. நான் டேப்பை எடுத்துட்டு அடியில போனேன். மோட்டார் வாகன விதிப்படி, பின் சக்கரத்துக்குப் பின்னாடி நீட்டுற பகுதி வீல்பேஸ்ல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 4,800 மில்லிமீட்டர். அப்போ எல்லை 2,880. டேப்ல வந்தது 3,300. மூணாவது ரூமுக்காக யாரோ சேசிஸுக்கு வாலை நீட்டி வெல்டு வச்சிருக்காங்க. ஆர்சியில அது இல்ல. 2019 ஜனவரியிலயே உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த ஒரிஜினல் அமைப்பை மாத்தக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிருச்சு. மோட்டார் கேரவனுக்குன்னு ஏஐஎஸ் 124-ன்னு தனித் தரமே இருக்கு. எங்க ஒரகடத்துலயே வண்டிகளைச் சோதிக்கிற குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கு. இவ்வளவும் இருக்கிற ஊர்ல நின்னுகிட்டு அந்த வாலை விக்கப் பார்த்தாங்க. கேட்டதுக்கு "எஃப்சியில எல்லாம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னாங்க.

மாமா வெல்டைத் தடவிப் பார்த்தார். "இது குழியில இறங்கினா வாய் பொளக்கும்"னுட்டு நடையைக் கட்டிட்டார். பேரமே பேசல.

கையெழுத்து

அதுக்கப்புறம் நாலு மாசம் தேடி, ஜூன்ல ஒரு ரெண்டு ரூம் வண்டி கிடைச்சது. கொஞ்சம் பழசு, 17 லட்சம். ஆர்சியும் அளவும் ஒண்ணா இருந்துச்சு. மாமாவோட ஆறு, லோன் பதினொண்ணு, இஎம்ஐ 25,600. வாடகை 5,500, மிச்சம் 4,700. டாக்ஸும் சர்வீஸும் கொஞ்சம் குறையும். மொத்தச் செலவு 74,600. பதினாறு நாள் ஓடினா போதும்.

கையெழுத்து போட்டேன். ரெண்டு கண்டிஷன் வச்சேன். ஒண்ணு, ஆறு மாச இஎம்ஐ, அதாவது ஒன்றரை லட்சத்துச் சொச்சம், தனியா ஒரு ஃபிக்சட் டெபாசிட்ல கிடக்கணும். அதை என் பணத்துலேர்ந்து போட்டேன், 2020-ஐ மனசுல வச்சு. ரெண்டாவது, டைரியை நிறுத்தக் கூடாது.

படப்பை ஃபிளாட் கைவிட்டுப் போச்சு. அதை மறைக்க விரும்பல. இப்ப அதே அபார்ட்மெண்ட்ல விலை ஏறியிருக்கு, ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் அப்பா ஜன்னல் வழியாப் பார்ப்பார், எதுவும் சொல்ல மாட்டார். பொண்ணு வீட்டுல விஷயத்தைச் சொன்னோம். "மாமாவுக்காகவா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். பேச்சு இன்னும் நிக்கல, அது ஒரு நல்ல சகுனம்னு அம்மா நம்புறாங்க.

மாமா வண்டியை வாங்கி முதல் வேலையா பட்டறையில விட்டார். ஏதாவது நீல லைட்டு போடப் போறார்னு நினைச்சேன். முன் ரூம்லேர்ந்து பதினாலு அங்குலம் எடுத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி குறுக்கால ஒரு பெர்த் போட்டார். ஒரு சின்ன ஜன்னல், கொசு வலை, ஒரு ஃபேன். வாடகைக்கு விடுற இடத்தைக் குறைக்கிறியேன்னு பட்டறைக்காரர் தலையில அடிச்சுகிட்டாராம். பெர்த் ரெண்டு அடி அகலம். ஏன் உள்ள மெத்தையிலயே படுக்கலாமே, இப்ப உங்க வண்டி தானேன்னு கேட்டேன். "மெத்தை இன்னும் கஸ்டமரோடது தான் மாப்ள. காலை நீட்டப் போதும்."

கூரை மேல ஆளை ஏத்தி ஒயரைத் தூக்குற ரோட்டுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம். ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டார். ரெண்டு நாள் வாடகை போச்சு. அதையும் டைரியில எழுதியிருக்கார்.

2025 ஜூலையிலேர்ந்து ஏழு மாசம் இப்படி ஓடியிருக்கு: 14, 17, 19, 16, 11, 18, 15. அந்த 11 நவம்பர் மழை. சராசரி 15.7. எக்செல் கேட்டது 16. இன்னும் டெபாசிட்ல கை வைக்கல, ஆனா வீட்டுச் செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்காங்க. வாகமண் பக்கம் ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியுமான்னு யாரோ விசாரிச்சிருக்காங்க, அதுக்கு பெர்மிட் என்ன ஏதுன்னு மாமா இப்ப அலைஞ்சிட்டு இருக்கார். கிடைச்சா மழை மாசத்துக்கும் கோடைக்கும் ஒரு வழி பிறக்கும். கிடைக்கலன்னா எக்செல்ல இன்னொரு காலம் சேர்க்கணும்.

பி.கு: 'வ' இன்னும் மாசத்துக்குப் பத்துப் பன்னண்டு வருது. பெர்த் வந்ததுக்கு அப்புறம் அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன டிக் போடுறார். என்ன அர்த்தம்னு கேட்டேன். "தூங்கினேன்"னார்.